கம்ப்யூட்டர் மாறலாம், கணக்கு மாறக் கூடாது



பத்து வருடம் கூட இருந்த கணக்குப்பிள்ளை வேலையை விட்டு நின்றுவிட்டால் கடை என்ன பாடுபடும் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். பேரேடு அலமாரியில் அப்படியே இருக்கும். ஆனால் அவர் போட்ட சுருக்கக் குறிகளும், எந்தப் பாக்கியை எந்தப் பக்கத்துக்குத் தள்ளி எழுதினார் என்பதும் புதிதாக வந்தவருக்குப் பிடிபடப் பத்து நாள் ஆகும். கம்ப்யூட்டரோ சாஃப்ட்வேரோ மாறும்போது நடப்பதும் இதேதான். ஒரே வித்தியாசம், பழைய கணக்குப்பிள்ளையை வீட்டுக்குப் போய்க் கேட்டு வரலாம். பழைய சாஃப்ட்வேரை எழுதிக் கொடுத்தவர் தொழிலையே விட்டிருந்தால் யாரைப் போய்க் கேட்பது?

கோவை ரங்கே கவுடர் வீதியின் மொத்தக் கடை முதல் கிராமத்து மளிகைக் கடை வரை இன்று கம்ப்யூட்டர் பில் வந்துவிட்டது. ஆகவே இந்தச் சங்கடம் யாரையும் விட்டு வைக்கப் போவதில்லை. இது ஏன் வருகிறது, வந்தால் நஷ்டமில்லாமல் எப்படித் தாண்டுவது என்பதை நம் வியாபார மொழியிலேயே இங்கு எழுதுகிறேன்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் ஒவ்வொரு விண்டோஸ் பதிப்புக்கும் ஒரு கெடு வைக்கிறது. விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரல் 8, விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14 என்று கெடு வைத்தார்கள். கெடு முடிந்த மறுநாள் மெஷின் நின்றுவிடாது. வழக்கம் போல ஓடும். ஆனால் திருட்டு நிரல்கள் நுழையாமல் தடுக்க அவ்வப்போது வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோகும். பேங்க் வேலையும் ஜி.எஸ்.டி. வேலையும் நடக்கிற மெஷினை அப்படியே விட்டு வைப்பது, பூட்டுக் கெட்டுப்போன கல்லாப்பெட்டியில் பணத்தைப் போட்டு வைப்பது போலத்தான்.

அடுத்த பதிப்பான விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால், அது எல்லா மெஷினிலும் ஏறாது. 64 பிட் பிராசஸர், குறைந்தது 4 ஜி.பி. மெமரி, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடு ஆகியவை வேண்டும் என்று நிபந்தனை வைத்திருக்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய மெஷின்கள் பெரும்பாலும் இந்த நிபந்தனையில் தேறாது. ஆகவே, "நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்கு மாற்ற வேண்டும்?" என்று இருந்தவர்களும் மாற்ற வேண்டிய கட்டாயத்துக்கு வந்துவிட்டார்கள்.

நான்கு அடுக்கு

கம்ப்யூட்டர் என்று நாம் ஒரே பெயரில் சொல்வதில் நான்கு அடுக்கு இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதல் அடுக்கு மெஷின். அது கடைக் கட்டிடம். இரண்டாவது விண்டோஸ், லினக்ஸ், ஆப்பிளின் மேக், போனில் ஆண்ட்ராய்டு என்பவை. இவற்றை ஆபரேட்டிங் சிஸ்டம் என்பார்கள். கட்டிடத்துக்குள் கரண்ட், தண்ணீர், கதவு, பூட்டு எல்லாவற்றையும் நடத்துகிற மேனேஜர் மாதிரி. மூன்றாவது பில் போடுகிற, கணக்கு எழுதுகிற சாஃப்ட்வேர். அதுதான் கணக்குப்பிள்ளை. நான்காவது அந்தச் சாஃப்ட்வேர் எழுதி வைத்த கணக்கு. அதுதான் பேரேடு.

முதல் மூன்றையும் நாளைக்கே காசு கொடுத்து வாங்கலாம். நான்காவதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அது இருபது வருட உழைப்பு. ஆனால் மாற்றம் வரும்போது நாம் விலை பேசுவதெல்லாம் முதல் மூன்றுக்குத்தான். நான்காவதைப் பற்றிக் கேட்கிறவர் குறைவு.

ஒவ்வொரு அடுக்கும் தனக்குக் கீழே உள்ள அடுக்கை நம்பி நிற்கிறது. ஒரு மேனேஜருக்குப் பழகிய கணக்குப்பிள்ளை இன்னொரு மேனேஜரிடம் வேலை செய்ய மாட்டார். விண்டோஸில் ஓடும் சாஃப்ட்வேர் மேக்கிலோ லினக்ஸிலோ அப்படியே ஓடாது என்பதற்கு இதுதான் காரணம்.

டாஸ் காலத்துக் கணக்குகள்

1990-களில் நம் பகுதியில் பல கடைகளுக்கு உள்ளூர்ப் பையன்களே டாஸில் பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தார்கள். ஃபாக்ஸ்பேஸ், ஃபாக்ஸ்ப்ரோ என்ற கருவிகளில் எழுதியவை. நீல நிறத் திரை, மவுஸ் கிடையாது. ஆனால் வேகத்துக்குக் குறைவில்லை. விற்பனை வரியிலிருந்து 2007 ஜனவரி 1-ல் வாட் வந்தபோதும், 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபோதும் இவற்றில் பல கழிந்து போயின. பில் போடுவதற்கு இல்லாவிட்டாலும், பழைய பாக்கி பார்ப்பதற்கென்று மூலையில் ஒரு மெஷினில் இன்னும் வைத்திருப்பவர்கள் உண்டு.

டாஸ் சாஃப்ட்வேர்கள் பெரும்பாலும் 16 பிட் முறையில் எழுதப்பட்டவை. 64 பிட் விண்டோஸ் அவற்றை ஓட்டாது. விண்டோஸ் 10 வரை 32 பிட் பதிப்பும் இருந்ததால் ஏதோ தட்டிக்கொட்டி ஓட்டினார்கள். விண்டோஸ் 11 64 பிட்டில் மட்டுமே வருகிறது. ஆகவே அந்தக் கதவு அடைபட்டுவிட்டது. டாஸ்பாக்ஸ் என்ற இலவச நிரலைப் போட்டுப் பழைய திரையை வரவழைக்கலாம். ஆனால் அதைக் கணக்கை எடுத்துக்கொள்ள ஒரு தற்காலிக வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. ஃபாக்ஸ்ப்ரோ தன் கணக்கை டி.பி.எஃப். என்ற வகை ஃபைலில் எழுதும். அந்த வகை ஊரறிந்த வகை. லிப்ரே ஆபீஸ் என்ற இலவசத் தொகுப்பில் உள்ள கால்க் அதைத் திறந்துவிடும். எழுதிக் கொடுத்தவர் ஊரில் இல்லாவிட்டாலும், விவரம் தெரிந்த ஒரு கல்லூரி மாணவரை உட்கார வைத்தால் கணக்கை வெளியே எடுத்துவிடலாம். பழைய ஹார்ட் டிஸ்க் உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும்.

டாலி சொல்லும் பாடம்

நம்மில் பெரும்பாலோர் பயன்படுத்தும் டாலி, ஒரு வியாபாரியின் தேவையிலிருந்து பிறந்தது. ஆலைகளுக்கு மூலப்பொருளும் உதிரி பாகங்களும் சப்ளை செய்துவந்த ஷியாம் சுந்தர் கோயங்கா, தன் கணக்குக்குச் சரியான சாஃப்ட்வேர் கிடைக்காததால், மகன் பாரத் கோயங்காவை எழுதச் சொன்னார். 1986-ல் பெங்களூரில் பியூட்ரானிக்ஸ் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் அது. முதலில் டாஸில் ஓடிய சாஃப்ட்வேர் பிறகு விண்டோஸுக்கு மாறி, 2009-ல் டாலி ஈ.ஆர்.பி. 9 என்றும், 2020-ல் டாலி பிரைம் என்றும் வந்தது.

படிப்படியாக ஏறி வந்தவர்களுக்குப் பழைய கணக்கும் கூடவே வந்தது. பழைய பதிப்பிலேயே உட்கார்ந்துவிட்டு ஒரே தாவலில் புதியதற்குப் போகிறவர்களுக்குத்தான் சிரமம். மிகப் பழைய கணக்கை நேராக ஏற்ற முடியாமல், நடுவில் உள்ள பதிப்பு வழியாக ஏற்ற வேண்டியிருக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். புதிய பதிப்புக்கு மாற்றிய கணக்கைப் பழைய பதிப்பில் மறுபடி திறக்க முடியாமல் போகலாம். இது பெரும்பாலும் ஒருவழிப் பாதை. ஆகவே மாற்றுவதற்கு முன் பழைய கணக்குக்கு ஒரு பேக்கப் எடுத்துத் தனியாக வைத்துவிட வேண்டும்.

தமிழ்ப் பெயர்கள் கோழிக் கிறுக்கலாவது ஏன்?

வாடிக்கையாளர் பெயரையும் சரக்குப் பெயரையும் தமிழில் ஏற்றி வைத்தவர்களுக்கு இது பெரிய தலைவலி. பழைய மெஷினில் "துவரம் பருப்பு" என்று அழகாக இருந்தது, புதிய மெஷினில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கிறுக்கலாக வரும். வைரஸ் என்று பலர் பயந்துவிடுகிறார்கள். வைரஸ் இல்லை.

பழைய தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தை வரைந்து வைத்தவை. உதாரணமாக, பாமினி எழுத்துருவில் "தமிழ்" என்று அடித்தால், கம்ப்யூட்டர் உள்ளே எழுதி வைப்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளைத்தான். பாமினி இருக்கும் மெஷினில் அது தமிழாகத் தெரியும். இல்லாத மெஷினில் உள்ளது உள்ளபடி தெரியும். அதோடு ஒவ்வொரு கம்பெனியும் தன் எழுத்துருவுக்குத் தனித்தனி இடம் கொடுத்ததால், ஒருவர் அடித்தது இன்னொருவருக்குப் புரியாமல் போயிற்று. ஒவ்வொரு சந்தையிலும் ஒவ்வொரு அளவுப் படி வைத்திருந்த மாதிரி.

இதை ஒழுங்குபடுத்த 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழிணையம் 99 மாநாடு நடந்தது. டாம், டாப் என்ற தரங்களும் தமிழ் 99 விசைப்பலகையும் அதிலிருந்து வந்தவை. பின்னர் உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் தனித்தனி இடம் கொடுத்த யூனிகோடு, அதாவது ஒருங்குறி, நிலைபெற்றது. 2010 ஜூன் 23 முதல் 27 வரை நம் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது நினைவிருக்கும். அந்த ஜூன் 23-ஆம் தேதியிட்ட அரசாணையில்தான் தமிழக அரசு ஒருங்குறியையும், அதோடு டேஸ் 16 என்ற தரத்தையும் ஏற்றுக்கொண்டது.

இன்று போனில், வாட்ஸ்அப்பில் நாம் அடிக்கும் தமிழ் எல்லாம் ஒருங்குறிதான். ஆகவே புதிதாக எதை வாங்கினாலும் ஒருங்குறித் தமிழ் ஏற்குமா என்று கேளுங்கள். பழைய பெயர்ப் பட்டியலை மாற்ற என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற எழுத்துரு மாற்றிகள் உண்டு. ஆயிரம் பெயரை மறுபடி அடிக்க வேண்டியதில்லை. மாற்றிய பிறகு ஒருமுறை கண்ணால் படித்துப் பார்த்தால் போதும்.

பிரிண்டரும் தராசும்

மெஷின் புதிது, பிரிண்டர் பழையது என்றால் முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்கள் 25 முனை கொண்ட பேரலல் ஒயரில் இணைப்பவை. மின்னணுத் தராசுகள் பல 9 முனை சீரியல் ஒயரில் இணைப்பவை. புதிய மெஷின்களில் பெரும்பாலும் இந்த இரண்டு துளையும் இருப்பதில்லை. யூ.எஸ்.பி. மட்டும் இருக்கும். நடுவில் போட மாற்று ஒயர் கிடைக்கிறது. விண்டோஸ் சாஃப்ட்வேருக்கு அது பெரும்பாலும் வேலை செய்யும். டாஸ் சாஃப்ட்வேரிலிருந்து நேரே அச்சடிக்க அது உதவாமல் போகலாம்.

கார்பன் வைத்து மூன்று பிரதி எடுக்க டாட் மேட்ரிக்ஸ்தான் வேண்டும் என்பவர்கள், பிரிண்டரின் மாடல் நம்பரைச் சொல்லி, விண்டோஸ் 11-க்கு அதன் டிரைவர் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு பிறகு மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுங்கள். முடிந்தால் விற்பவரைக் கடைக்கே வரச்சொல்லி, உங்கள் பிரிண்டரில் ஒரு பில்லும், உங்கள் தராசில் ஒரு எடையும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

"பழைய கம்ப்யூட்டர் போய்விட்டது, கணக்கு அதோடு போய்விட்டது" என்ற பதிலை அதிகாரி ஏற்க மாட்டார். ஜி.எஸ்.டி. சட்டம் 36-ஆம் பிரிவின்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்களுக்குக் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். வழக்கோ அப்பீலோ இருந்தால் அதற்கு மேலும் வைத்திருக்க வேண்டி வரும். விதி 57, கம்ப்யூட்டர் கணக்குக்கு முறையான பேக்கப் வேண்டும் என்றும், கேட்கும்போது காகிதத்திலோ படிக்கக்கூடிய மின்னணு வடிவிலோ தர வேண்டும் என்றும் சொல்கிறது. ஃபைலின் பாஸ்வேர்டையும், நாம் போட்ட சுருக்கக் குறிகளின் விளக்கத்தையும் கேட்டால் சொல்ல வேண்டும்.

பாக்கி வசூலுக்கும் இது பொருந்தும். வராத பாக்கிக்குக் கோர்ட்டுக்குப் போவதானால் பொதுவாக மூன்று வருடக் கெடு. அந்தப் பாக்கிக்கான பில்லும் பேரேட்டுப் பக்கமும் திறக்க முடியாத ஒரு ஃபைலில் மாட்டிக்கொண்டால், நம் பணத்தை நாமே கேட்க முடியாத நிலை வந்துவிடும்.

மாற்றும்போது எங்கே பிசகும்?

கணக்கை எக்ஸெல் வழியாக மாற்றும்போது நான்கு இடங்களில் பிசகு வரும்.

ஒன்று, தேதி. நாம் நாளை முதலில் எழுதுகிறோம், அமெரிக்க முறையில் மாதம் முதலில். 4-5-2024 என்பது மே 4 என்று நாம் எழுதியது, ஏப்ரல் 5 என்று ஏறிவிடும். பாக்கி நாள் கணக்கே மாறிப்போகும்.

இரண்டு, நீள எண்கள். எக்ஸெல் 15 இலக்கத்துக்கு மேல் எண்ணாக வைத்துக்கொள்ளாது. அதற்கு மேலுள்ள பேங்க் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். எண்ணுக்கு முன்னால் உள்ள பூஜ்யங்களும் உதிர்ந்துபோகும். அந்தப் பத்தியை முதலிலேயே எழுத்து வகையாக மாற்றி வைக்க வேண்டும்.

மூன்று, அளவு. 50 கிலோ மூட்டையில் 40 மூட்டை சர்க்கரை இருந்தால் 2,000 கிலோ. புதிய சாஃப்ட்வேரில் அலகு கிலோ என்று இருந்து, 40 மட்டும் ஏறிவிட்டால், இருப்பில் 1,960 கிலோ காணாமல் போயிருக்கும். எண்ணெய் டின், சிப்பம், பெட்டி எல்லாவற்றுக்கும் இதே கவனம் வேண்டும்.

நான்கு, ஒரே ஆள் இரண்டு பெயரில் இருப்பது. "பொள்ளாச்சி ஸ்டோர்ஸ்", "பொள்ளாச்சி ஸ்டோர்" என்று இரண்டு பேரேடு இருந்தால், மாற்றுவதற்கு முன்பே ஒன்றாக்கிவிடுங்கள். ஜி.எஸ்.டி. எண்ணை வைத்துப் பார்த்தால் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம்.

அணாவிலிருந்து கற்ற பாடம்

நம் முன்னோர் இதைவிடப் பெரிய மாற்றத்தைக் கடந்தவர்கள். 1957 ஏப்ரல் 1-ல் அணா போய் நயா பைசா வந்தது. அடுத்த வருடம் முதல் வீசையும் பலமும் போய்க் கிலோ வரத் தொடங்கியது. ஓர் அணாவுக்கு 6 நயா பைசா, இரண்டுக்கு 12, மூன்றுக்கு 19, நான்குக்கு 25 என்று அரசு பட்டியல் கொடுத்தது. இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் அணா வீதம் மூன்று சாமானைத் தனித்தனியாக மாற்றினால் 18. மூன்று அணா என்று கூட்டி மாற்றினால் 19. ஒரு பைசா வித்தியாசம்.

கணக்கை ஒரு முறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் இப்படித்தான் சிறு வித்தியாசம் நுழையும். கம்ப்யூட்டரானாலும் பைசாவை முழு ரூபாயாக்கும் இடத்தில் இது வரும். ஆகவே வரிவரியாக மாறியிருக்கிறது என்று திருப்தி அடைந்துவிடாமல், கூட்டுத்தொகையைப் பழையதோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

எப்படி மாற்றுவது?

1. நாளைத் தேர்ந்தெடுங்கள். ஏப்ரல் 1 உத்தமம். ஐந்தொகை முடிந்து புதுக் கணக்கு தொடங்கும் நாள். தீபாவளி, பொங்கல் வியாபார நேரத்தில் கை வைக்காதீர்கள்.

2. பழைய கணக்குக்கு இரண்டு பேக்கப் எடுங்கள். ஒன்று கடையில், ஒன்று வீட்டில். எடுத்த பேக்கப்பை வேறு ஒரு மெஷினில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.

3. பாக்கிப் பட்டியல், கொடுக்க வேண்டிய பட்டியல், சரக்கு இருப்பு, பேங்க், ரொக்கம், ஜி.எஸ்.டி. கணக்கு, இருப்புச் சோதனை ஆகியவற்றைக் காகிதத்தில் அச்சடித்து, ஆடிட்டரிடம் ஒரு பிரதி கொடுங்கள்.

4. புதியதில் ஏற்றிய பிறகு மேலே சொன்ன ஒவ்வொன்றின் கூட்டுத்தொகையையும் ஒத்துப் பாருங்கள். வித்தியாசம் ஒரு ரூபாயானாலும் காரணம் தெரிய வேண்டும்.

5. ஒரு மாதம் இரண்டிலும் கணக்கு எழுதுங்கள். வேலை இரட்டிப்பாகும். ஆனால் மாத ரிட்டர்ன் இரண்டிலும் ஒத்து வந்துவிட்டால் பிறகு நிம்மதி. வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் பில் மட்டும் ஒன்றிலிருந்துதான் போக வேண்டும். ஒரே பில் நம்பர் ஒரே ஆண்டில் இருமுறை வரக் கூடாது.

6. பழைய மெஷினை எடைக்குப் போட அவசரப்படாதீர்கள். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள்.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை

கைபேசியில் ஓடும் பில்லிங் ஆப்கள், வருடச் சந்தா கட்டும் சாஃப்ட்வேர்கள் எல்லாம் வந்துவிட்டன. வசதிதான். ஆனால் பணம் கொடுக்கும் முன் ஐந்து கேள்வி கேளுங்கள்.

உங்கள் உதவி இல்லாமல் என் முழுக் கணக்கையும் எக்ஸெலில் நானே எடுத்துக்கொள்ள முடியுமா? சந்தா கட்டாவிட்டால் பழைய கணக்கையாவது பார்க்க முடியுமா? ஆண்ட்ராய்டு போனிலிருந்து ஐபோனுக்கோ, வேறு கம்ப்யூட்டருக்கோ மாறினால் கணக்கு கூட வருமா? தமிழ் ஒருங்குறியில் பில் வருமா? என் பிரிண்டரில் அச்சாகுமா?

முதல் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் யோசித்து இறங்குங்கள். உள்ளே போக வழி அகலமாகவும் வெளியே வர வழி இல்லாமலும் இருக்கும் குடோனில் யாராவது சரக்கு இறக்குவோமா?

கடைசியாக ஒன்று. பையனோ பெண்ணோ கடைக்கு வந்து, எல்லாவற்றையும் புதிதாக மாற்றலாம் என்று சொன்னால் தடுக்காதீர்கள். அவர்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியும். நமக்குக் கணக்கு தெரியும். எந்தப் பாக்கி உண்மையானது, எந்த இருப்பு காகிதத்தில் மட்டும் இருக்கிறது என்பதெல்லாம் நம் தலையில்தான் இருக்கிறது. மாற்றும் அந்த ஒரு மாதம் பக்கத்தில் உட்கார்ந்து கூட்டுத்தொகையைச் சரிபார்த்துக் கொடுப்பது நம் வேலை.